செத்த பின் ஊதும் சங்கு

போபாலில் 1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவையொட்டி, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து ஏறக்குறைய 40 டன் மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷவாயு வெளிப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இதைத் தலைவிதி என்பாரும் உண்டு; அன்றிரவு அக்கினிஹோத்திரம் செய்த வீட்டார் பிழைத்தார்கள் என்று கதை கட்டினவர்களும் உண்டு. அந்தத் தலைவிதி ஆலையை ஒட்டிய குடிசைகளை மாத்திரம் முதலில் தேடிப்போனதேன் என்று கேட்கின்றோம்.

நடந்தது என்ன? தொட்டியைக் குளிரவைக்கும் யந்திரம் முன்னமேயே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கவேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை. ஊராரை எச்சரிக்கவேண்டிய சங்கோ, சிறிது நேரம் ஊதியதும் நிறுத்தப்பட்டது. ஜனங்கள் வீணாய்க் கலவரமடையக் கூடாதாம்! அது மறுபடி ஊதியபோது ஜனங்கள் தெருவில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்றோடு ஓடாமல் அதற்குக் குறுக்கே விலகிப் போயிருந்தால் அநேகர் பிழைத்திருப்பார்கள். இதற்கு என்ன செலவு? ஒரு கந்தை, ஒரு செம்புத் தண்ணீர்! அதை முன்கூட்டிச் சொல்ல நாதியில்லை. ஆஸ்பத்திரி வைத்தியர்களுக்கே விஷம் இன்னதென்று சொல்லப்படவில்லை. வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன புத்திக்கும், பக்கத்துக் குடிசைக்காரனுக்கு விஷத்தின் பெயரைக்கூட மறைத்த புத்திக்கும் என்ன வித்தியாசம்?

ஆலையின் அபாயங்களைச் சுற்றுப்புறத்தாருக்குத் தெரிவித்தாகவேண்டுமென்று 1987-ல் சட்டம் திருத்தப்பட்டது. பலன் என்ன? 2020 மே 7-ந் தேதி விடியுமுன் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பி 12 பேர் மாண்டபோதும் சங்கு ஊதப்படவில்லை. ஏட்டிலுள்ள சட்டம் தானே எழுந்து ஊதுமா?

தோழர்களே! உங்கள் ஊர் ஆலைக்குள் என்ன இருக்கிறது, சங்கு ஊதினால் வீட்டுக்குள் இருப்பதா, வெளியேறுவதா, எப்பக்கம் போவது என்பவற்றைத் தாய்மொழியில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கும்படி கேளுங்கள். வருஷந்தோறும் ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். தேர்வடம் பிடிக்க நாட்கணக்கில் வேலையை விடும் ஊர், உயிர் பிழைக்கக் கற்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா? செத்த பின் ஊத நம் நாட்டில் சங்குக்குப் பஞ்சமில்லை. சாகுமுன் ஊதுவதே நமக்கு வேண்டும்.