தடைக்கு முன்னே சோதனை வேண்டும்

கால்நடை மருத்துவத்தில் நிமிசுலைடு மருந்தைப் பயன்படுத்த மத்திய சுகாதார அமைச்சகம் 2024-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கீட்டோபுரோபென், அசெக்ளோபெனாக் ஆகிய இரு மருந்துகளுக்கும் இதேபோலத் தடை விதிக்கப்பட்டது. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்றுவதற்காக எடுக்கப்பட்ட இந்த நடவடிக்கைகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், முதல் தடை 2006-இல் வந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, ஒவ்வொரு மருந்தாகத் தேடிப் பிடித்துத் தடுக்கும் நிலையே தொடர்ந்தது என்பது பெருமைக்குரிய செய்தியல்ல.

வெண்முதுகுப் பாறு 1980-களில் உலகிலேயே எண்ணிக்கையில் மிகுந்த பெரிய இரைகொல்லிப் பறவைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் தேசியப் பூங்காவில் அவை கூட்டங்கூட்டமாகக் குறைந்துவருவதை 1990-களின் பிற்பகுதியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகளுக்கு ஒன்றுதான் எஞ்சியது. வேறு இரு பாறு இனங்களும் சுமார் 97 சதவீதம் அழிந்தன. முதலில் தொற்றுநோய் என்று சந்தேகிக்கப்பட்டது. பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2004-இல் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தனர். வலிக்கும் வீக்கத்துக்கும் மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோபெனாக் என்ற மலிவான மருந்துதான் அது.

மாட்டுக்கு நிவாரணமளிக்கும் இந்த மருந்து பாறுக்கு நஞ்சாகிறது. மருந்து செலுத்தப்பட்ட சில நாள்களில் மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் படிந்து அது மடிகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே மொத்தச் சரிவையும் விளக்கப் போதுமானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஒரே சடலத்தில் பல பாறுகள் கூடி உண்பதும், ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடுவதும் அழிவை விரைவுபடுத்தின.

இது பறவை ஆர்வலர்களின் கவலை மட்டுமல்ல. பாறுகள் இல்லாத ஊர்ப்புறங்களில் சடலங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் மாசுபட்டன, வெறிநோயைப் பரப்பும் நாய்கள் பெருகின. பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் அவை இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, சிகாகோ, வார்விக் பல்கலைக்கழகங்களின் பொருளாதார ஆய்வாளர்கள் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாறுகள் மறைந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பலியாயின என்பது அவர்களது மதிப்பீடு. ஒரு மருந்தின் பக்கவிளைவு மாட்டுத் தொழுவத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2006-இல் கால்நடைக்கான டைக்ளோபெனாக் தயாரிப்பு தடை செய்யப்பட்டது. உடனே, மனிதர்களுக்கென விற்கப்பட்ட பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் மாடுகளுக்குப் போயின. அதைத் தடுக்க ஒரு குப்பிக்கு 3 மில்லி லிட்டர் என்ற வரம்பைக் கொண்டுவர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடர்ந்த வழக்கில், 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. இதற்கிடையே வேறு மருந்துகள் சந்தையில் இடம்பிடித்தன. அசெக்ளோபெனாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோபெனாக்காகவே மாறுகிறது. தடை செய்த மருந்தே வேறு பெயரில் திரும்பி வந்ததற்கு ஒப்பானது இது. கீட்டோபுரோபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010-க்குள்ளேயே ஆய்வில் வெளிப்பட்டுவிட்டது. அதை நாடு முழுவதும் வங்கதேசம் 2021-இல் தடை செய்தது. இந்தியா அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்தே விழித்துக்கொண்டது.

விவசாயியைக் குறை கூறிப் பயனில்லை. வலியால் துடிக்கும் மாட்டுக்கு, கைக்கெட்டிய மருந்தைத்தான் அவர் வாங்குவார். பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருப்பது 2006-லேயே ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. ஆகவே, கால்நடைகளின் நலமா, பறவைகளின் உயிரா என்ற கேள்வியே இங்கு எழவில்லை.

கோளாறு நிர்வாகத்தில் இருக்கிறது. மருந்துகளுக்கு அனுமதி தருவதும் தடை விதிப்பதும் சுகாதார அமைச்சகம். கால்நடைகள் வேறோர் அமைச்சகத்தின் பொறுப்பு. வனவிலங்குகளோ சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. பாறுகளுக்கு நஞ்சு எனத் தெரிந்தவுடன் ஒரு மருந்து தானாகவே கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட ஏற்பாடு செய்யப்படும் என்று, 2020-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஐந்தாண்டுச் செயல்திட்டம் கூறியது. ஆனால், 2023-லும் 2024-லும் தனித்தனி அறிவிக்கைகள் மூலமே தடை வந்தது. ஒவ்வொரு முறையும் ஆய்வு, பரிந்துரை, குழு, ஆலோசனை என்று ஆண்டுகள் கழிந்தன. அதுவரை அந்த மருந்தின் விற்பனைக்குத் தடையேதும் இல்லை.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே தீர்வு. கால்நடைக்கான வலிநிவாரணி எதுவாயினும், பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதனையில் தெளிந்த பிறகே அனுமதி என மருந்து விதிகள் திருத்தப்பட வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பையும் செலவையும் தயாரிப்பு நிறுவனம் ஏற்க வேண்டும். ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றையும் காலவரையறைக்குள் சோதிக்க வேண்டும். அதற்குரிய அறிவியல் திறன் நாட்டில் இல்லாமலில்லை. பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளைச் செய்துள்ளது. ஹரியாணாவின் பிஞ்சோரில் உள்ள இனப்பெருக்க மையத்தில் பாறுகள் பேணி வளர்க்கப்படுகின்றன.

அந்தப் பறவைகளை வளர்த்து வெளியே பறக்கவிடும்போது, கீழே கிடக்கும் சடலத்தில் நஞ்சு இல்லை என்ற உறுதியையும் அரசு தர வேண்டும். மூன்று அமைச்சகங்களும் ஒன்றாக அமர்ந்து பேசாதவரை அந்த உறுதி கிடைக்காது. அவர்களை அமர வைப்பது நாடாளுமன்றத்தின் கடமை.