பேத்திக்குத் துணை நிற்போம்

மாலை விளக்கேற்றும் வேளை. கல்லூரிப் படிப்பை முடித்த பேத்தி, கைப்பேசியின் முன் அமர்ந்து, அன்று உண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். திரையில் கேட்டுக்கொண்டிருப்பவர் உணவியல் நிபுணர். 'உண்பதற்குக்கூட யோசனை கேட்க வேண்டுமா?' என்று பாட்டிக்கு வருத்தம். இன்று பல இல்லங்களில் காணும் காட்சி இது.

பேத்திக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். 'நீர்க்கட்டி' என்பது வழக்கு. உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முழு வளர்ச்சி பெறாத கருமுட்டைகளைத் தாங்கிய நுண்பைகள். 1935-ஆம் ஆண்டிலேயே சிகாகோ நகர மருத்துவர்கள் ஸ்டெயின், லெவந்தால் இருவரும் இதைப் பற்றி எழுதியுள்ளனர். மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

பலருக்கு உடலில் இன்சுலின் சரிவரப் பயன்படுவதில்லை. அதனால் அதன் அளவு கூடி, ஆண்களுக்குரிய ஹார்மோன் மிகுகிறது. மாதவிலக்கு முறை தவறுகிறது, முகத்தில் பருவும் ரோமமும் தோன்றுகின்றன, எடை ஏறுகிறது. மெலிந்தவர்க்கும் இது வருவதுண்டு. ஆகவே சோம்பலின் விளைவு என்று ஏசுவது தகாது. 'திருமணமானால் சரியாகிவிடும்' என்பதும் மருந்தாகாது.

எடை மிகுந்தவர்கள் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீரடைகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை வேண்டும்; ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. தொடங்குவது எளிது, தொடர்வதே அரிது. வாரந்தோறும் ஒருவர் திரைவழியே விசாரிப்பது அதற்கு உதவும். சிற்றூர்ப் பெண்ணும் பேருந்தேறாமல் ஆலோசனை பெறலாம். ஆனால் நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே. ஆலோசகரின் தகுதியை விசாரிக்காமலும், 'ஒரே மாதத்தில் முற்றும் குணம்' என்ற விளம்பரத்தை நம்பியும் பணம் கட்டலாகாது.

நிபுணர் அரை மணியில் விடைபெறுவார். இரவு உணவைப் பரிமாறுவது வீடு. சோற்றைச் சற்றுக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டி, அனைவருமே அவ்வாறு உண்டால் அவள் தனித்துப் போகமாட்டாள். நவராத்திரிச் சுண்டல் ஒன்பது நாளோடு நிற்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கலை அவள் சிறிதளவே ஏற்றால் வற்புறுத்த வேண்டாம், உள்ளங்கையளவும் பிரசாதமே. மாலையில் கோயிலுக்குப் புறப்படும் பாட்டி, அவளையும் நடந்துவர அழைக்கலாம். எடையைப் பற்றி வழியில் ஒரு சொல்லும் பேசாதிருந்தால், அதுவே பெரிய துணை.