ஒரு படி போதுமா?

வடகிழக்குப் பருவமழை நெருங்குகையில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்கள் ஓய்வதில்லை. பாத்திகளில் வாரிய உப்பை மேட்டில் குவித்து, நீர் புகாவண்ணம் மூடி வைப்பர். மூடத் தவறிய குவியல் மழையில் கரைந்துபோகும். உப்பைப் படியெடுத்து வேறோர் ஊரில் வைக்க இயலாது. மூடிக் காப்பதே வழி. கணினிக் கோப்போ அவ்வாறன்று. அதனை எத்தனை முறை வேண்டுமாயினும் படியெடுக்கலாம், செலவும் சிறிது. ஆயினும், உப்பின்மீது அத்தொழிலாளர் கொள்ளும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் தம் கோப்புகளின்மீது கொள்வதில்லை.

படியெடுத்தலின் அருமையை மரக்காணத்தின் பழைய வரலாறே உணர்த்தும். சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைக் கூறுகிறது. அப்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் அறிஞர். அந்நூலைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடும் இதற்கு வடக்கே அருகில்தான் உள்ளது. அவர் காலத்து ஏடு எதுவும் இன்று இல்லை. பனையோலை ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாவது. சில நூற்றாண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. ஏடு நைந்து போவதற்குள் ஒருவர் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதினார். அவ்வோலை நைவதற்குள் மற்றொருவர் எழுதினார். பெயர் அறியப்படாத அவர்களின் உழைப்பால்தான் 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையரால் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முடிந்தது. படியெடுக்க ஆளின்றிப் போன நூல்கள் பல, உரைகளில் வெறும் பெயர்களாக எஞ்சியுள்ளன.

ஏடு நைவது கண்ணுக்குத் தெரியும். வன்தட்டு அப்படி அறிவித்துப் பழுதாவதில்லை. நேற்று இயங்கியது இன்று இயங்காது. எனவே, நினைவு வரும்போது படியெடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்கத்தக்கதன்று. நினைவு பெரும்பாலும் இழந்தபின்னரே வரும். குறித்த நேரத்தில் தானே இயங்கி, மாறிய கோப்புகளை மட்டும் படியெடுத்து, பழைய வடிவங்களையும் பேணும் காப்புப்படி மென்பொருளிடம் இப்பணியை ஒப்படைப்பதே தக்கது. இரு கருவிகளின் கோப்புகளை ஒத்திசைப்பது மட்டும் காப்பாகாது. ஓரிடத்தில் தவறுதலாக அழித்தது மற்றோரிடத்திலும் அழிந்துவிடும்.

படி இருக்கும் இடமும் முதன்மையானது. தானே (2011), நிவர் (2020), பெஞ்சல் (2024) ஆகிய புயல்கள் புதுச்சேரியை ஒட்டிய இக்கடற்கரையில்தான் கரையைக் கடந்தன. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் கணினியும், அதனருகே வைத்த வன்தட்டும் சேர்ந்தே நனையும். ஒரு படியேனும் வெளியூரிலோ மேகச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும்.

மென்பொருளை நிறுவியதோடு கடமை முடிந்தது எனக் கருதுவோரும் உளர். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தார். காப்புக்கென அங்கு அமைக்கப்பட்டிருந்த ஐந்து வழிகளுள் ஒன்றும் உரியவாறு உதவவில்லை. அவற்றிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்க முடிகிறதா என முன்னரே எவரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை. வேறொரு பணியின்பொருட்டு ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே அந்நிறுவனத்துக்குக் கைகொடுத்தது.