அழைப்புகளின் தொகையும் குழந்தைகளின் க்ஷேமமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் மனநல சேவை அளிப்பதாக நம் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் திட்டங்களைக் குறித்து, தங்கள் பத்திரிகை வாயிலாக ஓர் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். திட்டங்கள் பெருகுவதில் எனக்கு மகிழ்ச்சியே. அவற்றால் பிள்ளைகளுக்கு விளைந்த பிரயோஜனம் என்னவென்று நிதானமாகப் பரிசீலிக்க எவரும் முன்வராததும், ஒரு பெரிய எண்ணிக்கையை வெளியிட்ட மாத்திரத்தில் கடமை தீர்ந்தது என்று உத்தியோகஸ்தர்கள் திருப்தி கொள்வதுமே என் மனத்தை உறுத்துகின்றன.

2021-இல் நீட் தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதலாகப் பேச அரசின் 104 மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையின் மூலம் ஏற்பாடாயிற்று. மறு ஆண்டு அக்டோபரில் 14416 என்ற எண்ணோடு ‘டெலி மானஸ்’ என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை தேசம் முழுவதற்குமாகத் தொடங்கிற்று. டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளுக்கென்று ‘மனம்’ திட்டம் வந்தது. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தம் குறைகளை எழுதிப் போட ‘மாணவர் மனசு’ என்ற பெட்டிகளும் வைக்கப்பட்டன. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அழைக்கப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் மறுமுறையும் பேச விரும்பினார்கள், மருத்துவரிடம் போகச் சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் மெய்யாகவே போய்ச் சேர்ந்தார்கள், போனவர்கள் எத்தனை நாள் காத்திருக்க நேர்ந்தது, ஆறு மாதம் கழித்து அவர்கள் வகுப்பில் இருந்தார்களா அல்லது பள்ளியை விட்டே நின்றுவிட்டார்களா என்ற கேள்விகளுக்கு, சட்டப் பேரவையில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகளில் நான் வாசித்த எதிலும் விடை காணவில்லை.

மந்தைவெளிப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்குச் சமீபத்தில் ஒரு காரியமாகப் போயிருந்தேன். அங்கே அந்தப் பெட்டி, தலைமையாசிரியர் அறையின் வாசற்கதவை ஒட்டி, கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே மாட்டப்பட்டிருந்தது. பூட்டின் மேல் தூசு படிந்திருந்தது. ஆசிரியர் ஒருவரைப் பற்றியோ வீட்டில் நடக்கும் கொடுமையைப் பற்றியோ எழுத விரும்பும் பதின்மூன்று வயதுச் சிறுமி, அத்தனை பேர் பார்க்க அந்தத் துவாரத்தில் கடிதத்தைப் போடுவாள் என்று எண்ணியவருக்குக் குழந்தைகளின் சுபாவம் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் ஆவணங்களின்படி அந்தப் பள்ளியில் பெட்டி ‘வைக்கப்பட்டாயிற்று’.

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் மாநிலமும் இடம்பெற்ற அந்த ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் அமரும் வகுப்பொன்றில் ஏறக்குறைய மூவர். இவர்களுக்கென்று குழந்தை மனநலத்தில் தேர்ந்த வைத்தியரை அரசுத் தரப்பில் நாடினால், மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் பெரும்பாலும் எழும்பூர் அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளுக்குத்தான் வழி காட்டுகிறார்கள். புறநோயாளிப் பிரிவு நடப்பது காலை வேளையில். அதுவே பள்ளி நேரம். தியாகராய நகரில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் தாய் ஒருத்தி, அன்றைய கூலியை விட்டு, பிள்ளையின் பாடத்தையும் விட்டு, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டாம் முறை அவள் வராவிட்டால், ‘தொடர் சிகிச்சைக்கு வரவில்லை’ என்று குற்றம் அவள் தலையில் எழுதப்படுகிறது. வசதி படைத்த எங்கள் தெருக்காரர்களின் நிலைமையும் மெச்சத்தக்கதன்று. பிள்ளைக்கு உறக்கம் கெட்டால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே தவிர, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடறும் என்று அஞ்சி, வைத்தியரின் வாசலை மிதிக்க மாட்டார்கள்.

2022-இல், பொதுத்தேர்வு நெருங்கிய, நடந்துகொண்டிருந்த நாட்களில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டதைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடிபாடுகளுக்கிடையே புத்தகம் தேடிய பிள்ளைகளின் மனநிலையை அதன்பின் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு எந்த இலாகாவினுடையது?

சரியான பரிசீலனை என்பது நமக்குப் புதிய விஷயமன்று. தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டு வீணாகாமல் உடனடியாகத் துணைத்தேர்வு எழுத இம்மாநிலம் வழி செய்தது. தற்கொலைத் தடுப்புக்காக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தோற்றுவித்து, இன்று நம் ராஜா அண்ணாமலைபுரத்திலேயே இயங்கிவரும் ஸ்நேகா போன்ற ஸ்தாபனங்கள் வெகுகாலம் வலியுறுத்திய சீர்திருத்தம் அது. தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் பிற்பாடு குறைந்தனவா என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து, குறைந்தன என்று கண்டார்கள். அங்கே எண்ணப்பட்டவை உயிர்கள். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினோம் என்று மட்டும் எண்ணியிருந்தால் அந்தச் சீர்திருத்தத்தின் அருமை யாருக்கும் தெரிந்திராது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே சொல்லும்போது, மற்றத் திட்டங்களை மட்டும் ஏன் வேறு தராசில் நிறுக்க வேண்டும்?

நூறு மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டுமென்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. ஒரு நாள் பயிற்சி பெற்றுத் திரும்பிய கணித ஆசிரியரையே ‘ஆலோசகர்’ என்று பதிவேட்டில் எழுதி இந்தக் கட்டளையையும் நிறைவேற்றிவிட முடியும் என்பதே என் அச்சம்.

ஆகையால் சுகாதாரத் துறையையும் பள்ளிக் கல்வித் துறையையும் நான் கேட்டுக்கொள்வது இது: இச்சேவைகளை நடத்தும் இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத நிபுணர்களைக் கொண்டு, பிள்ளைகளின் பெயரும் அடையாளமும் வெளிப்படாதபடி, வட்டாரந்தோறும் ஆண்டுக்கொருமுறை மதிப்பீடு செய்யுங்கள், சேவை பெற்ற பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் நேரில் கேளுங்கள், தோல்விகளையும் மறைக்காமல் அந்த அறிக்கையைப் பேரவையின் முன் வையுங்கள். மாலை வேளையில் இயங்கும் குழந்தை மனநலப் பிரிவு ஒன்றைத் தென்சென்னையின் மாநகராட்சி மருத்துவமனை ஏதேனும் ஒன்றில் தாமதமின்றித் தொடங்குங்கள். வரும் மானியக் கோரிக்கை விவாதத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர்கள் இதைப் பற்றிக் கேள்வி எழுப்ப வேண்டுமென்றும் கோருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை.