குதிரை வந்து சொல்லாது

“நேரம் வந்தால் அவனே உனக்குச் சொல்லுவான்.”

இங்கிலாந்தில் வயதான குதிரை வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இந்த வசனத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். ஆறுதலுக்காகத்தான் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். அது பொய் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பொய்யின் விலையை நாங்கள் கொடுப்பதில்லை, குதிரைதான் கொடுக்கிறது.

நான் 13 வயதில் சவாரி பழகியது டஸ்டியின் முதுகில். பயிற்சிப் பள்ளி அவனை ஓய்வுக்கு விட்டபோது நான் உழைக்கத் தொடங்கியிருந்தேன். அதனால் அவனை நானே பொறுப்பெடுத்தேன். 27 வயதில் அவனுக்கு இரண்டு நோய்கள். ஒன்று குஷிங். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு அது. கோடையிலும் உதிராத நீண்ட ரோமம் அதன் அடையாளம். பெர்கோலைட் மாத்திரை தினமும் கொடுத்தால் கட்டுப்படும், ஆனால் முற்றாக மாறாது. மற்றது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் லாமினைடிஸ். குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் திசுக்கள் வீங்கிப் பலமிழக்கும். முற்றினால் எலும்பு இடம் விலகிக் கீழே இறங்கும். கிட்டத்தட்ட 450 கிலோ உடம்பு அந்தக் குளம்புகளில்தான் நிற்கிறது என்பதை ஒரு நிமிடம் யோசியுங்கள்.

செப்டெம்பரில் மிருக வைத்தியர் சொன்னார்: “குளிர் தொடங்க முதல் முடிவெடுங்கள்.” நான் சொன்ன பதில்: “அவன் இன்னும் நல்லாச் சாப்பிடுகிறான்.”

ஜனவரியில் ஒரு இரவு. நிலம் உறைந்து கிடந்தது. டஸ்டி விழுந்தான், எழும்ப முடியவில்லை. அவசர வைத்தியர் வந்து சேர இரண்டரை மணித்தியாலம். முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தான், விழுந்தான், திரும்பவும் பார்த்தான். உடம்பு நடுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கரட்டை அவன் வாயில் வைத்தேன். அதைச் சாப்பிட்டான்.

விளங்குகிறதா? செத்துக்கொண்டிருந்த குதிரை கரட் சாப்பிட்டது. “சாப்பிடுகிறான், ஆகவே நல்லாயிருக்கிறான்” என்று நான் நாலு மாதமாகச் சொன்ன கணக்கின் பெறுமதி அவ்வளவுதான்.

குதிரை ஏன் சொல்வதில்லை? அது வேட்டையாடப்படும் மிருகம். கூட்டத்தில் நொண்டுவதைத்தான் ஓநாய் முதலில் பார்க்கும். வலியை மறைத்தவை பிழைத்தன, அவற்றின் பிள்ளைகள்தான் இன்று எங்கள் லாயங்களில் நிற்கின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் 2014 இல் குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுகோலையே வெளியிட்டார்கள்: பின்னால் இறுகிய காது, சுருங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாய், விறைத்த மூக்குத் துவாரம். இத்தனையையும் பழகிப் பார்த்தால்தான் தெரியும். தானாகச் சொல்லும் மிருகத்துக்கு அளவுகோல் எதற்கு?

தூக்கமும் அப்படித்தான். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். மூட்டு வலியுள்ள கிழட்டுக் குதிரை, எழும்ப முடியாது என்ற பயத்தில் படுப்பதேயில்லை. நாள்கணக்காக அந்தத் தூக்கம் இல்லாமல், நின்ற நிலையில் மடிந்து விழுந்து முழங்காலைக் காயப்படுத்திக்கொள்ளும். பகலில் பார்ப்பவர் “அமைதியாக நிற்கிறான்” என்பார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். டஸ்டியைப் பற்றிச் செப்டெம்பரில் அம்மாவிடம் சொன்னபோது அவ சொன்னது: “உயிரைக் குடுத்தவன் எடுக்கட்டும் பிள்ளை. இயற்கையாப் போகட்டும். நீ ஏன் பாவத்தைச் சுமக்கிறாய்?”

அம்மாவில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்த வாதம் பிழை. இயற்கை எப்படிக் கொல்லும் என்று பார்க்க எங்கள் நெடுந்தீவே போதும். அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பார்க்க ஆட்கள் ஆசையாகப் போகிறார்கள். கடும் வறட்சி வந்தால் அதே குதிரைகள் தண்ணீரில்லாமல் துடித்துச் சாகின்றன. அதுதான் இயற்கை. மாத்திரை கொடுத்து, தீனியை ஊறவைத்து, போர்வை போர்த்தி, 27 வயது வரை இயற்கையைத் தள்ளி வைத்தது நான். கடைசி நாளில் மட்டும் “இயற்கை பார்த்துக்கொள்ளட்டும்” என்று கையைக் கழுவுவது பக்தியாகாது. அது பொறுப்பைக் கைவிடுவது.

அகிம்சை என்கிறீர்களா? 1928 இல் சபர்மதி ஆசிரமத்தில் தீராத வேதனையில் கிடந்த ஒரு கன்றை ஊசி போட்டுக் கொல்ல ஒப்புக்கொண்டவர் காந்தி. கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அந்தக் கன்றைக் கொன்றதும் அகிம்சைதான் என்று எழுதினார். அவரை விடவா நாங்கள் அகிம்சை தெரிந்தவர்கள்?

ஒரு எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். “சவாரிக்கு உதவாது, செலவு கூட, ஆகவே முடித்துவிடு” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உண்மை. அதுவும் பிழைதான். அதனால்தான் முடிவை அந்த நாளின் மனநிலையில் விடக்கூடாது என்கிறேன். நான் கணினித் துறையில் வேலை செய்கிறவள். ஒரு சேவையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அது ஒழுங்காக ஓடும்போதே எழுதி வைப்போம். நடுச்சாமத்தில் விழுந்த பிறகு யோசிப்பவர் பிழையாகத்தான் யோசிப்பார்.

குதிரைக்கும் அதையே செய்யுங்கள். குதிரை நல்லாயிருக்கும் ஒரு கோடை நாளில், வைத்தியரோடு இருந்து கோடுகளை எழுதுங்கள். வலி மருந்து கொடுத்தும் நொண்டினால். மருந்திலிருந்தும் லாமினைடிஸ் திரும்ப வந்தால். ஊறவைத்த தீனி கொடுத்தும் மெலிந்துகொண்டே போனால். படுக்காமல் விட்டால், படுத்தால் எழும்பத் திணறினால். கலண்டரில் ஒவ்வொரு நாளையும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். கெட்டவை கூடினால் தேதி எடுங்கள். தனியாகச் செய்யப் பயமென்றால், இந்த நாளுக்காகவே கூட நிற்கும் தொண்டர்களைப் பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் வைத்திருக்கிறது.

அந்த நாள் எப்படியிருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்க மருந்து. பிறகு நரம்பில் ஊசி. சில விநாடிகளில் நினைவு போகும், உடம்பு சரியும். துப்பாக்கி முறையும் உண்டு. பழகிய கையென்றால் அது உடனடி. “தூங்க வைப்பது” என்று நான் சொல்லமாட்டேன். கொல்வதுதான். அந்தச் சொல்லைத் தாங்க முடிந்தவர்தான் சரியான நேரத்தில் முடிவெடுப்பார்.

போன ஒக்டோபரில் சிநேகிதி ஒருத்தியின் குதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் அடித்த காலை. அது புல் மேய்ந்துகொண்டிருந்தது. “இன்னும் ஒரு மாதம் விட்டிருக்கலாமோ?” என்று அவள் அழுதாள். விட்டிருக்கலாம்தான். அந்த ஒரு மாதம் முந்தியதற்காக அவள் கொஞ்சக் காலம் அழுவாள். நான் இரண்டரை மணித்தியாலம் பிந்தியதற்காக இன்னும் நித்திரை விட்டு எழும்புகிறேன்.

உங்கள் குதிரைக்கு 20 வயது தாண்டிவிட்டதா? இந்தச் சனிக்கிழமையே அந்தக் கோடுகளை எழுதுங்கள். அது சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.