இருமல் இல்லாத காசநோய்: திருவள்ளூருக்குத் திரும்ப வேண்டிய அறிவு

காசநோய் ஆய்வின் வரலாற்றில் திருவள்ளூருக்குத் தனி இடம் உண்டு. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதியில்தான் 1968இல் மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்யப்பட்டு, 15 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதை மருத்துவ உலகம் இம்மக்களின் உடல்களிலிருந்தே கற்றது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று போய்ச் சேர்வதோ ஒரே வரிதான்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இருமல் இல்லாமலும் காசநோய் வரும். நுரையீரலில் நுழைந்த கிருமி இரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து, பல ஆண்டுகள் உறங்கிப் பின் விழிக்கும். சிறுவயதில் நெரிசலான குடியிருப்பில் தொற்றியது, வேலைக்குப் போகும் வயதில் வெளிப்படலாம். அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், வலியின்றி இரத்தம் போதல், விலாப்புற வலி, ஆண்களுக்கு விரைப்பகுதியில் கட்டி ஆகியவை அறிகுறிகள். சிறுநீரில் சீழணுக்கள் இருக்கும். வழக்கமான கல்ச்சர் சோதனையிலோ கிருமி வளராது. காசநோயை நினைக்க வேண்டிய இடம் இதுவே.

ஆனால் நினைப்பதில்லை. உலைக்கருகில் நிற்கும் இளைஞருக்கு அது ‘உடம்புச் சூடு’. ஷிப்ட் முடியும்வரை சிறுநீரை அடக்கும் பெண்ணுக்கு அது ‘வழக்கமான நீர்க்கடுப்பு’. சில ஆன்டிபயாடிக்குகள் காசக்கிருமியையும் தற்காலிகமாக அடக்குவதால் நோய் மேலும் மறைகிறது. சிறுநீர்க் குழாய் சுருங்கி, சிறுநீரகம் செயலிழந்த பிறகு உண்மை தெரிகிறது.

தொடர்ந்து மூன்று நாள் காலை முதல் சிறுநீரைக் காசநோய்க்கெனச் சோதிப்பதும், ஸ்கேன் எடுப்பதும் இதைத் தடுக்கும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை போதும்.

அந்த ஆறு மாதங்களை யார் தருவது? காசநோய்க்கு இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு ஊதியத்தை இ.எஸ்.ஐ. வழங்குகிறது. அதற்கு இரண்டாண்டுத் தொடர் காப்பீட்டுப் பணி வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் சந்தா அறுந்துபோகும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளிக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தான். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். நிலமற்ற சேரி இளைஞருக்கு நோயின்போது சாய்ந்துகொள்ள வேறு சுவர் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மருந்துக்கு அடங்காத சிறுநீர்த் தொற்றுடன் வருவோர் அனைவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசநோய்ச் சோதனைக்கு வழி வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் இ.எஸ்.ஐ. உரிமை அறுபடக் கூடாது. அறிவியலுக்கு உடலைத் தந்த மக்கள் கேட்பது சலுகையன்று; கடனைத் திருப்பிக் கேட்கிறார்கள்.