முன்வாசலில் ஜல்லிப் படுகை

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு மின்சாரம் தரும் துணை மின்நிலையங்களில், கம்பிவேலிக்குள் மின்மாற்றிகளைச் சுற்றி ஜல்லி பரப்பிய முற்றமே பராமரிப்புக் குறைந்த தரைக்குக் கண்ணெதிரே உள்ள சான்று. அக்கல்லடுக்கு, மின்பழுது நேரும்போது ஊழியரின் காலுக்கும் ஈரத்தரைக்கும் இடையே மின்தடையாக நிற்கிறது. சிந்தும் எண்ணெயைத் தேங்கவிடாமல் உள்வாங்குகிறது. கூடவே புல்பூண்டையும் அடக்குகிறது. ஊரை ஒட்டிச் செல்லும் சென்னை–கூடூர் இருப்புப்பாதையின் அடியிலும் இதே கருங்கல்தான் தண்டவாளத்தின் பாரத்தைத் தாங்கி, மழைநீரை வடியவிடுகிறது. இவ்விரண்டையும் நாள்தோறும் கடந்து செல்வோர், தம் வீட்டு முகப்புக்கென்று வரும்போது மட்டும் ஜல்லியைச் சிமென்ட் தளத்தின் மேலோ பாலித்தீன் தாளின் மேலோ கொட்டிவிடுவதுண்டு; அப்போது கல் மிஞ்சுகிறது, அதன் பயன் போய்விடுகிறது.

ஜல்லிப் படுகை என்பது, மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு வெட்டியெடுத்து, விளிம்பில் செங்கல்லோ கருங்கல்லோ பதித்து, ஒரே அளவுள்ள கற்களால் நிரப்பப்படும் பள்ளம். ஒரே அளவு கற்களிடையே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம் இருப்பதால், பத்தடிக்குப் பத்தடி அளவில் அரை அடி ஆழமுள்ள படுகை, அதாவது லாரிக் கணக்கில் அரை யூனிட் ஜல்லி, ஏறத்தாழ 560 லிட்டர் நீரைத் தன்னுள் நிறுத்திக்கொள்ள வல்லது; 5 சென்டிமீட்டர் மழை ஒரே மூச்சில் கொட்டினாலும் அப்பரப்பில் விழுவது 460 லிட்டர் அளவே. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே ஆண்டு மழையின் பெரும்பகுதியைப் பெற்றுவிடும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில், மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய வரலாற்றையும் கருதினால், இந்தக் கணக்கு அழகைவிட முதன்மையானது. களிமண் நிலத்தில் நீர் மெல்லவே இறங்குமாதலால், 2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் படுகையிலிருந்து ஒரு குழாய் கொடுத்துவிடுவது நல்லது.

கல்லைப் பொறுத்தவரை, குவாரியிலிருந்து வரும் முக்கால் ஜல்லியே, அதாவது 20 மில்லிமீட்டர் உடைகல்லே, போதுமானது; கூர்முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் காலடியில் நழுவாது. நர்சரிகளில் மூட்டையாக விற்கும் வழவழப்பான கூழாங்கல் உருண்டோடும், விலையும் கூடுதல். கிராவல் என்று கேட்டால் லாரியில் வருவது மனை மேடாக்கும் செம்மண். அது இறுகிவிடுமாதலால் இவ்வேலைக்கு ஆகாது. பூண்டிக்கு அருகே அல்லிக்குழி மலைப்பகுதியில் குவார்ட்சைட் எனும் கடினப் பாறையின் உருள்கற்கள் இயற்கையாகவே மண்ணில் விரவிக் கிடக்கின்றன. ஆனால் அதே வகைக் கல்லில் செய்த தொல்பழங்காலக் கைக்கோடரிகளை இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டறிந்த அத்திரம்பாக்கம் அப்பக்கத்தில்தான் உள்ளது என்பதால், அங்கிருந்து கல் அள்ளி வருவது தோட்டக்கலை ஆகாது.

பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சு மட்டும் நம்பத்தக்கதன்று. சரக்கு லாரிகள் கிளப்பும் புழுதியும், மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் சருகும் கல்லிடுக்கில் தங்கி, மக்கி, சில ஆண்டுகளில் விதை முளைக்கப் போதிய மண்ணாகிவிடுகின்றன. இரயில்வேயிலும் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை தண்டவாளத்தின் அடியிலுள்ள கல்லை வெளியே எடுத்துச் சலித்துத் தூசு நீக்கி மீண்டும் இடுகிறார்கள். வீட்டுப் படுகைக்கும் அதுவே விதி, வேப்பமரத்தடியில் அமைந்தால் இன்னும் விரைவில். களையில் பெரும்பகை கோரை. அதன் முளை ஊசிபோல் பாலித்தீனைத் துளைத்து வருமாதலால், ஜல்லி கொட்டும் முன்பே கிழங்கோடு தோண்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை அடியில் விரிக்கலாம்.

இங்கிலாந்தின் எசெக்ஸில் பெத் சாட்டோ 1990களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடத்தில் அமைத்த சரளைத் தோட்டம் நீர் ஊற்றாமலே செழிப்பது புகழ்பெற்ற செய்தி. அங்கு மழை குறைவு, வெயிலும் மிதம். இங்கோ அக்னி நட்சத்திரத்தில் கருங்கல் பகலெல்லாம் சூடேறி, இரவில்தான் அதைக் கக்கும். ஆகவே அதே செடிப்பட்டியலைப் பின்பற்றாமல், ஆவாரை, நித்தியகல்யாணி, அரளி, காகிதப்பூ, கற்றாழை போன்ற இம்மண்ணின் வெயிலுக்குப் பழகியவற்றை மண்குழிகளில் நட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குக் கல் படாமல் விடவேண்டும். முதல் ஆண்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றியே தீரவேண்டும். கேட்டிலிருந்து வாசற்படி வரையிலான நடைபாதையையும் கோலமிடும் இடத்தையும் ஜல்லியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும்; துடைப்பம் படாத தரையில் வீட்டுப்பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலமிட முடியாது என்பதை இந்தப் படுகையின் வரைபடம் போடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.